கூடை கவிழ்த்த தட்டு

பழவேற்காட்டுக்குப் போகிறேன் என்று சொன்னால், பூநாரை பார்க்கவா என்றுதான் எல்லோரும் கேட்கிறார்கள். நான் போனது பாத்திரம் தேய்ப்பதைப் பார்க்க. இதை வெளியே சொன்னால் சிரிப்பார்கள் என்று தெரியும், சிரிக்கட்டும். கோயம்புத்தூரில் எங்கள் வீட்டுப் பாத்திரம் தேய்க்கும் இலாகா பல வருடங்களாக என் கையில் இருக்கிறது. சமையல் மனைவிக்கு, தேய்ப்பது எனக்கு. அதனால் எந்த ஊருக்குப் போனாலும் கோயில் கோபுரத்தைப் பார்ப்பதற்கு முன் கொல்லைப்புறத்தை எட்டிப் பார்க்கும் புத்தி வந்துவிட்டது.

பழவேற்காட்டு ஆசையைக் கிளப்பிவிட்டவன் தேசப்பன். ஏரிக்கரையில் இருக்கும் கோட்டைக்குப்பத்து மீனவன். மீன்பாடு சரியில்லாத ஒரு வருடம் கோவைக்கு வந்து பம்பு கம்பெனியில் வேலை பார்த்தான். அப்போது எங்கள் மாடி அறையில்தான் குடியிருந்தான். சாப்பிட்ட தட்டை ஒரே ஒரு தம்ளர் தண்ணீரில் பளிச்சென்று கழுவி வைப்பான். நான் குழாயைத் திறந்துவிட்டுத் தேய்ப்பதைப் பார்த்தால் அவனுக்குப் பொறுக்காது. கிட்டே வந்து குழாயை மூடிவிட்டுப் போவான். "எங்கம்மா தேய்க்கிறத ஒருவாட்டி வந்து பாரு சார்" என்று அவன் சொல்லிக்கொண்டே இருந்ததற்கு இந்தத் தை மாதக் கடைசியில்தான் நேரம் வாய்த்தது.

கிளம்புவதற்கு முந்தின நாள் போனில் கூப்பிட்டு எனக்கு ஒரு வேலையும் வைத்தான். அவன் மாமியார் சம்பூர்ணம், ஏரியிலிருந்து உள்ளே தள்ளி இருக்கும் காட்டூர்க்காரர். நெல் விவசாயக் குடும்பம். அவர் மகள் வனிதாவைத் தேசப்பன் விரும்பிக் கோயிலில் வைத்துத் தாலி கட்டி இரண்டு வருடம் ஆகிறது. பெண் வீட்டிலிருந்து இதுவரை ஒருவரும் கோட்டைக்குப்பத்துக்கு வந்ததில்லை. இப்போது மாமியார் மட்டும் வர ஒப்புக்கொண்டிருக்கிறார். பொன்னேரி பஸ் நிலையத்தில் காத்திருப்பார், கூட்டிக்கொண்டு வந்துவிடு என்றான். தனியாக விட்டால் பாதி வழியில் மனம் மாறித் திரும்பிவிடுவார் என்று பயம் அவனுக்கு.

காலையில் சென்ட்ரலில் இறங்கிக் கும்மிடிப்பூண்டி மின்சார ரயிலைப் பிடித்தேன். பொன்னேரிக்குப் பத்து ரூபாய். சம்பூர்ணத்தைக் கண்டுபிடிப்பது சிரமமாக இல்லை. பச்சைப் புடவை, மடியில் ஒரு துணிப்பை, போகிற பஸ்களையெல்லாம் சந்தேகமாகப் பார்த்துக்கொண்டிருக்கும் முகம். ஐம்பது வயது இருக்கும். பழவேற்காட்டுக்கு இருபது கிலோமீட்டர்தான். பஸ் திருப்பாலைவனம் வழியாகக் குலுங்கிக் குலுங்கி ஒரு மணி நேரம் எடுத்துக்கொள்கிறது. பெண்களுக்குக் கட்டணம் இல்லாத பஸ் என்பதால் எனக்கு மட்டும் காசு வாங்கிக்கொண்டு கண்டக்டர் நகர்ந்தார்.

ஒவ்வொரு குலுக்கலுக்கும் அந்தத் துணிப்பை கணீர் என்றது. எவர்சில்வர் சத்தம் எனக்குத் தெரியாதா? பாத்திரமா என்று கேட்டேன். அவர் மறைக்கவில்லை.

"தட்டும் தம்ளரும் சார். அவங்க வூட்டு ஏனம்லாம் கவுச்சி அடிக்கும்னு சொல்றாங்க. அதான், என் தட்ட நானே எடுத்தாந்துட்டேன்."

அந்தப் பக்கத்தில் பாத்திரத்துக்கு ஏனம் என்றுதான் பெயர். காட்டூரிலும் மீன் தின்பார்கள். ஆனால் மீன் சட்டி கொல்லையில் தனியாகக் கவிழ்ந்திருக்கும், மற்ற பாத்திரங்களோடு சேராது. பேச்சு இப்படித் திரும்பியதும் எனக்குக் கொண்டாட்டமாகிவிட்டது. கேள்வி மேல் கேள்வியாகக் கேட்டேன். காட்டூரில் அடுப்புச் சாம்பலும் வைக்கோல் பிரியும், பித்தளைக்குப் புளி, அலசுவதற்குப் பம்புசெட் தண்ணீர், அதுபாட்டுக்கு வாய்க்காலில் ஓடிக்கொண்டிருக்கும். இப்போது சோப்பும் கம்பிநாரும் வந்துவிட்டன. மாறாதது ஒன்றுதான்: விளக்கு வைக்கும் நேரத்தில் வீட்டில் ஒரு எச்சில் பாத்திரம் கிடக்கக் கூடாது. மகளைத் தான் அடித்ததே ஒரே ஒரு தடவைதான், அதுவும் கழுவாமல் போட்ட தட்டுக்காக என்று சொல்லிவிட்டு, ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

பழவேற்காட்டில் இறங்கி ஷேர் ஆட்டோவில் கோட்டைக்குப்பம் போனோம். ஆளுக்கு இருபது ரூபாய். வாசலில் வனிதா நின்றிருந்தாள். அம்மாவைப் பார்த்ததும் ஓடி வந்தவள், கிட்டே வந்ததும் எதற்கோ தயங்கிப் பையை வாங்கிக்கொள்ளக் கை நீட்டினாள். சம்பூர்ணம் பையைக் கொடுக்கவில்லை.

தேசப்பனின் தாய் எல்லம்மா கணவரை இழந்தவர், வாட்டசாட்டமான ஆள். "வா சம்பந்தி, வாங்க சார்" என்று கூப்பிட்டு உட்காரவைத்து, தம்ளரில் தண்ணீர் கொண்டுவந்து நீட்டினார். சம்பூர்ணம் தாகமில்லை என்றார். கொஞ்ச நேரம் கழித்துப் பையிலிருந்த பாட்டிலைத் திறந்து குடித்தார். எல்லம்மா அதைப் பார்த்தும் பார்க்காத மாதிரி உள்ளே போய்விட்டார். வனிதா என் பக்கத்தில் வந்து, "அம்மா இந்த வூட்ல ஒரு வாய் சாப்ட்டா போதும் சார், எனக்கு வேற ஒண்ணும் வாணாம்" என்று மெல்லச் சொன்னாள். எனக்குப் பாவமாக இருந்தது. வந்த காரியத்தைப் பார்ப்பதா, இந்தப் பெண்ணுக்காகக் கவலைப்படுவதா என்று தெரியாமல் கொல்லைப்புறம் போனேன்.

விடிவதற்கு முன்பே தேசப்பன் கடலுக்குப் போயிருந்தான். பத்து மணிக்கெல்லாம் வரவேண்டியவன். அவன் வருவதற்குள் எல்லம்மா எனக்குப் பாத்திரம் தேய்த்துக் காட்டினார்.

அந்த வீட்டில் தண்ணீர் மூன்று ஜாதி. நீல டிரம்மில் ஏரித் தண்ணீர்; பக்கத்தில் அடிபம்பின் உப்புத் தண்ணீர்; மூடி போட்ட குடத்தில் நல்ல தண்ணீர். நல்ல தண்ணீர் தெருக்குழாயில் காலையில் கொஞ்ச நேரம் வரும், பிடித்துவைத்ததுதான் நாள் முழுக்க. ஏரித் தண்ணீரை ஊற்றி, மணலைத் தூவி, கிழிந்த நைலான் வலையைச் சுருட்டிய பந்தால் தேய்க்கிறார். அந்த வலைப்பந்துக்கு எந்தக் கம்பிநாரும் உறை போடக் காணாது. பிறகு பம்புத் தண்ணீரில் அலசல். அதற்கப்புறம் டீ வடிகட்டிய சக்கையால் உள்ளும் புறமும் ஒரு தடவை. கவுச்சி அதில் போய்விடுகிறது. கடைசியாகக் குடத்திலிருந்து தம்ளரில் மொண்டு, தட்டின் விளிம்பைச் சுற்றி நூல் மாதிரி விடுகிறார். அந்த ஒரு தம்ளரில் நான்கு தட்டு முடிந்தது. உப்புத் தண்ணீர் நின்றால் அலுமினியம் பொத்துப்போகும் என்று உடனே வெயிலில் பலகை மேல் கவிழ்த்தார். மீன் குழம்பு வைக்கும் மண்சட்டிக்கு மட்டும் சோப்பு ஆகாது, மண் குடித்துவிடும். அதற்கு வெந்நீரும் கடலை மாவும்.

வீட்டுக்குள் புதிதாகக் கட்டிய அடுப்பு மேடையில் அழகான சிங்க் ஒன்று இருந்தது. அதில் வெங்காயம் கொட்டி வைத்திருந்தார்கள். மீன் பாத்திரத்தை யாராவது வீட்டுக்குள் தேய்ப்பார்களா என்று என்னைக் கேட்டார் எல்லம்மா. நானும் ஒரு தட்டைத் தேய்க்கிறேன் என்று உட்கார்ந்து, கோவை வழக்கப்படி தாராளமாக நல்ல தண்ணீரை ஊற்றியதும், குடத்தை மூடி தன் பக்கம் இழுத்து வைத்துக்கொண்டார்.

சுவர் ஓரத்தில் மூங்கில் கூடை ஒன்று கவிழ்ந்திருந்தது. அடியில் ஒரு தட்டின் விளிம்பு தெரிந்தது, ஒட்டிக் காய்ந்த பருக்கைகளோடு. கேட்கவேண்டும் என்று நினைத்தேன். அதற்குள் வாசலில் யாரோ கூப்பிட, எல்லம்மா எழுந்து போனார்.

பன்னிரண்டு ஆயிற்று. ஒரு மணியும் ஆயிற்று. தேசப்பன் வரவில்லை. போன் தொடர்பு எல்லைக்கு வெளியே என்றது. வாடைக்காற்று காலையிலிருந்தே கொஞ்சம் ஓங்கி அடித்துக்கொண்டிருந்தது. எல்லம்மா தெருமுனை வரை போவதும் வருவதுமாக இருந்தார். அடுப்பில் மடவை மீன் குழம்பு ஆறிக்கொண்டிருந்தது. யாரும் சாப்பாட்டுப் பேச்சை எடுக்கவில்லை.

சும்மா உட்கார்ந்திருக்க முடியாத சம்பூர்ணம் கொல்லைப்புறம் போனார். கூடையைத் தூக்கிப் பார்த்திருக்கிறார். கழுவாத தட்டு. மகள்தான் மறந்துபோய்க் கூடையால் மூடி வைத்திருக்கிறாள், மாமியார்க்காரி பார்த்தால் பேச்சு வாங்கப்போகிறாள் என்று அவருக்குப் பட்டிருக்கிறது. டிரம் தண்ணீரை மொண்டு ஊற்றி அவசர அவசரமாகத் தேய்த்துவிட்டார். சத்தம் கேட்டு வனிதா ஓடினாள். பின்னால் நானும் போனேன்.

"அம்மா, அது அவரு சாப்ட்ட தட்டும்மா."

கடலுக்குப் போனவன் சாப்பிட்ட தட்டை, அவன் கரையேறும்வரை அந்த வீட்டில் கழுவுவதில்லை. காக்காய் கொத்தாமல் கூடையைக் கவிழ்த்து வைப்பார்கள், அவ்வளவுதான். அவன் திரும்பி வந்த பிறகுதான் அதில் தண்ணீர் படும். எல்லம்மாவின் மாமியாரும் கழுவியதில்லை, எல்லம்மாவும் கழுவியதில்லை. வனிதா இதைச் சொல்லிமுடிப்பதற்குள் சம்பூர்ணத்தின் கையிலிருந்த தட்டு ஆட ஆரம்பித்துவிட்டது. அதிலிருந்து சொட்டும் தண்ணீரையே பார்த்துக்கொண்டு நின்றார். நான் இந்த மாதிரி விஷயங்களை நம்புகிறவன் இல்லை. ஆனாலும் அந்த நிமிஷம் தட்டு கழுவப்படாமல் இருந்திருக்கலாம் என்று மனதார நினைத்தேன்.

எல்லம்மா வந்தார். கூடையைப் பார்த்தார், தட்டைப் பார்த்தார். திட்டப்போகிறார் என்று மூன்று பேரும் காத்திருந்தோம். அவர் சம்பூர்ணத்தின் கையிலிருந்து தட்டை வாங்கினார், முந்தானையால் துடைத்தார், உள்ளே போனார். திரும்பி வரும்போது அதில் சோறும் குழம்பும் ஒரு துண்டு மடவையும் இருந்தன.

"அவன் வர்றவரைக்கும் இது கழுவுன தட்டா இருக்கக் கூடாது. உக்காரு சம்பந்தி, நீ இதுல சாப்புடு. சாப்ட்டுட்டு அப்டியே வெச்சிரு."

"நானா?"

"நீதான கழுவுன."

சம்பூர்ணம் ஒருகணம் கூடத்தில் இருந்த துணிப்பையின் பக்கம் பார்த்தார். பிறகு அங்கேயே கொல்லையில் சப்பணம் போட்டு உட்கார்ந்தார். மருமகன் தட்டில் சாப்பிடும் மாமியாரை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. எங்கள் பக்கம் மருமகன் எதிரே உட்காரவே கூச்சப்படுவார்கள். கண்ணீர் வழிய வழிய, ஒரு பருக்கை விடாமல் சாப்பிட்டார். குழம்பு எப்படி என்று யாரும் கேட்கவில்லை. வனிதா கதவைப் பிடித்துக்கொண்டு அழுதாள், சிரித்தாள், எது என்று சொல்லத் தெரியவில்லை. சாப்பிட்டு முடித்ததும் சம்பூர்ணம் தட்டைச் சுவர் ஓரம் வைத்து, தானே கூடையைக் கவிழ்த்தார். கை கழுவக்கூட எழுந்திருக்கவில்லை. அது காயக் காயப் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார்.

மூன்று மணி தாண்டி தேசப்பன் வந்தான். முகத்துவாரத்தில் மணல் மேடிட்டுப் படகு உள்ளே வர முடியவில்லையாம். தண்ணீர் ஏறும்வரை வெளியே காத்துக் கிடந்திருக்கிறான். இதற்கா இத்தனை கலவரம் என்று அவன் முகம் கேட்டது. "எப்ப வந்தீங்க அத்த?" என்றான். சம்பூர்ணம் கூடையைத் தூக்கித் தட்டை எடுத்துக்கொண்டு டிரம்மிடம் போனார். வனிதா வாங்கக் கை நீட்டியபோது தரவில்லை. ஏரித் தண்ணீர், மணல், வலைப்பந்து, பம்புத் தண்ணீர், டீச்சக்கை, நல்ல தண்ணீர். ஒரு படி தவறவில்லை. காலையில் நான் பாடம் கேட்டுக்கொண்டிருந்தபோது அவரும் எங்கிருந்தோ கவனித்திருக்கிறார். கடைசியில் தட்டை மோந்து பார்த்தார், தலையை ஆட்டிக்கொண்டார், மருமகனுக்குச் சோறு போட்டார்.

ஐந்து மணி பஸ்ஸுக்கு நான் கிளம்பினேன். கழுவிய தட்டில் இன்னொருவர் சாப்பிட்டால் சரியாகிவிடும் என்பதும் உங்கள் வழக்கமா என்று எல்லம்மாவைத் தனியாகக் கேட்டேன்.

"அப்டிலாம் ஒண்ணும் இல்ல சார். எனக்கு அந்நேரத்துக்குத் தோணுச்சு. சம்பந்தி கை எப்டி ஆடுச்சு பாத்த இல்ல?"

எங்கள் வீட்டை நினைத்துக்கொண்டேன். காலையில் மனைவி வேலைக்குக் கிளம்பித் தெருமுனை திரும்புவதற்குள் அவள் குடித்த காபி தம்ளரைக் கழுவிக் கவிழ்த்துவிடுவேன். அதை என் சுறுசுறுப்புக்குச் சான்றாக வைத்திருந்தேன். போய்ச் சேர்ந்தேன் என்று அவள் போன் செய்யும்வரை அந்தத் தம்ளர் அப்படியே கிடந்தால்தான் என்ன என்று இப்போது தோன்றியது.

சம்பூர்ணம் என்னோடு வரவில்லை. நாளைக்குப் போய்க்கொள்கிறேன் என்றார். துணிப்பை காலியாகச் சுவரில் தொங்கியது. பலகை மேல், அந்த வீட்டு ஏனங்களோடு ஏனமாக அவர் கொண்டுவந்த தட்டும் தம்ளரும் கவிழ்ந்திருந்தன. விளிம்பில் புள்ளி புள்ளியாகப் பெயர் வெட்டியிருந்தது. குனிந்து படித்தேன். 'வனிதா' என்று இருந்தது.

"சீர்ல வெக்கணும்னு எப்பவோ வாங்கினது சார். இங்க வந்து புடிக்கலன்னா நானே அதுல சாப்ட்டுட்டு எடுத்துனு போய்ர்லாம்னுதான் பாத்தேன்" என்றார் சம்பூர்ணம்.

எல்லம்மாவும் கேட்டுக்கொண்டுதான் நின்றார். பலகையிலிருந்து அந்தத் தட்டை எடுத்தார், நல்ல தண்ணீர்க் குடத்தின் மூடியைத் திறந்தார், ஒரு சொம்பு நிறைய மொண்டு வெட்டிய பெயரின் மேல் முழுக்க ஊற்றினார். காலையிலிருந்து அந்த வீட்டில் அவ்வளவு நல்ல தண்ணீர் ஒரே தட்டுக்குச் செலவானதை நான் பார்க்கவில்லை.