அக்காவின் குரலும் என் கல்யாண வீடியோக்களும்

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். அதிலும் இணையம் இழுத்துக்கொண்டு நின்றால், யாரைத் திட்டுவது என்று தெரியாமல் எல்லாரையும் திட்டுவேன். அந்த நான்கு வாரத்தில், வீடியோ ஏற நாள்கணக்கில் ஆகிறதே என்று இணைய லைன் கம்பெனியில் போனை எடுத்த பெண்ணைத் திட்டினேன். மோடத்தைத் தட்டித் தட்டி அதன் மூடியே கழன்றுவிட்டது. கடைசியில், நோயிலிருந்து எழுந்து உட்கார்ந்த என் அக்காவையும் திட்டினேன். திட்டாமல் விட்ட ஒரே ஆள் நான்தான்.

நான் கல்யாண வீடியோ எடுப்பவன். மலேசியாவில், கிள்ளானில் ஒரு தாமான் குடியிருப்பில் வீடு. முன்னறையில் ஒரு பழைய கணினி. வாங்கும்போது அதில் இருந்த சிஸ்டம் மூச்சு வாங்க ஆரம்பித்ததும் இலவசமாகக் கிடைக்கும் லினக்ஸ் சிஸ்டத்தைப் போட்டுவிட்டேன். இன்றுவரை நன்றாக ஓடுகிறது. முன்பெல்லாம் மாப்பிள்ளை வீட்டுக்கு ஒரு பென்டிரைவைக் கொடுத்தால் வேலை முடிந்தது. இப்போது எல்லாருக்கும் நெட்டில் ஏற்றித் தர வேண்டும், ஆஸ்திரேலியாவில் இருக்கும் சித்தப்பா பார்க்க வேண்டுமாம். எங்கள் லைனில் உள்ளே வரும் வேகம் பிரமாதம், வெளியே போகும் வேகம் அதில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. ஒரு கல்யாணம் முழுதாக ஏறி முடிய இரண்டு நாள் ஆகும், அதற்குள் அடுத்த கல்யாணம் வந்துவிடும். அதனால் வீடியோவை நெட்டில் ஏற்றும் அப்லோட் நிரல் என் வீட்டு ஃபிரிட்ஜ் மாதிரி, நிற்காமல் ஓடிக்கொண்டே இருக்கும்.

அக்கா என்னைவிட ஆறு வயது மூத்தவள். பக்கத்துப் பண்டமாரானில் தனியாக இருக்கிறாள். தமிழ்ப்பள்ளி ஒன்றின் அலுவலகத்தில் கிளார்க். போன வருடம் அவளுக்கு ஸ்ட்ரோக் வந்தது. கையும் காலும் சில மாதங்களில் வழிக்கு வந்துவிட்டன, பேச்சுதான் பின்தங்கிவிட்டது. மருத்துவ விடுப்பு முடிகிற நேரம். பேச்சு தெளிவாக இருக்கிறது என்று பேச்சுப் பயிற்சியாளர் அறிக்கை கொடுத்தால் அக்கா திரும்ப வேலைக்குப் போகலாம். இல்லையென்றால் வீட்டோடு இருக்க வேண்டியதுதான். பள்ளி அலுவலகத்தில் பாதி வேலை போன் பேசுவதுதானே.

"வீட்டுல சும்மா உக்காந்தா நான் செத்துருவேண்டா," என்று ஒரு நாள் சொன்னாள். மெதுவாக, ஒவ்வொரு சொல்லாக எடுத்து வைத்துச் சொன்னாள். ஆனால் எனக்கு நன்றாகப் புரிந்தது.

பயிற்சி கொடுத்தவர் கோலாலம்பூரில் ஒரு மருத்துவமனையில் வேலை செய்யும் தமிழ்ப் பெண். அங்கே போய், பார்க்கிங் தேடி, காத்திருந்து வந்தால் பாதி நாள் போய்விடும் என்பதால் வீடியோவிலேயே செய்யலாம் என்றார். அக்கா வீட்டில் போன் டேட்டா மட்டும்தான். "என் வீட்டுக்கு வாக்கா, ஃபாஸ்ட் லைன், பெரிய ஸ்கிரீன்," என்று நான்தான் பெருமையாகக் கூப்பிட்டேன். ஒவ்வொரு செவ்வாய்க்கிழமையும் பத்து மணிக்கு வருவாள். வேலைக்குக் கிளம்புவதுபோல இஸ்திரி போட்ட பஞ்சாபி சூட், பொட்டு, கைப்பை எல்லாம் இருக்கும்.

வீடியோ காலும் அப்லோடும் ஒரே கணினியில் ஓடினால் அடித்துக்கொள்ளும் என்று எனக்குத் தெரியாமல் இல்லை. அப்லோடை நிறுத்திவிட்டிருக்கலாம். ஆனால் முதல் வாரம் பார்த்து ஒரு மாப்பிள்ளை, "அண்ணே, எப்பண்ணே வரும்?" என்று தினமும் கேட்டுக்கொண்டிருந்தான். நிறுத்துவதற்குப் பதிலாகப் பங்கு பிரித்துவிடலாம் என்று நினைத்தேன். லினக்ஸில் அதற்கு ஒரு சின்னக் கருவி உண்டு. ஒரு நிரலைத் தொடங்கும்போதே, 'நீ இவ்வளவு வேகத்துக்கு மேல் போகாதே' என்று அதன் காலில் கயிறு கட்டிவிடலாம். ஒரு இணைய மன்றத்தில் யாரோ எழுதியிருந்த கட்டளையை அப்படியே எடுத்து ஒட்டினேன். கல்யாண வீடியோவுக்குச் சின்னப் பங்கு, அக்காவுக்குப் பெரிய பங்கு. நியாயமாகப் பிரித்தாகிவிட்டது என்று எனக்கு ஒரே திருப்தி.

முதல் செவ்வாய். திரையில் பயிற்சியாளரின் முகம் கண்ணாடி மாதிரி தெளிவாக இருந்தது, குரலும் பக்கத்தில் உட்கார்ந்து பேசுவதுபோல இருந்தது. ஒரு படத்தைக் காட்டினார்.

"மாம்பழம்," என்றாள் அக்கா.

"ஆன்டி, நடுவுல விட்டுப் போகுது. இன்னொரு தடவை சொல்லுங்க."

"மாம்பழம்."

"இன்னும் கொஞ்சம் கிளியரா."

அக்கா நான்கு தடவை சொன்னாள். அப்புறம் குடை, கதவு, தண்ணீர். ஒவ்வொன்றுக்கும் இன்னொரு தடவை, இன்னொரு தடவை. அந்தப் பெண்மேல் குற்றமில்லை, அவ்வளவு பொறுமையாகத்தான் கேட்டார். லைனில் ஏதாவது கோளாறா என்றும் கேட்டார். "இல்லை லா, இங்க எல்லாம் சூப்பரா இருக்கு," என்று நான் பதில் சொன்னேன். அவர் முகம்தான் தடங்கலில்லாமல் தெளிவாகத் தெரிகிறதே, பிறகு லைனில் என்ன கோளாறு இருக்க முடியும்.

இரண்டாவது வாரம் இன்னும் மோசம். மூன்றாவது வாரம் அக்கா சொல்லிக்கொண்டிருக்கும்போதே நான் குறுக்கே புகுந்து, "கொஞ்சம் வாயைத் திறந்து சத்தமா சொல்லுக்கா," என்று கத்தினேன். இப்போது நினைத்தாலும் நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருக்கிறது. அக்கா திரும்பி என்னை ஒரு தரம் பார்த்துவிட்டு மறுபடியும் சொன்னாள். அன்றைக்குப் பிறகு அவள் என்னிடம்கூடத் தலையாட்டலிலும் கையசைப்பிலும்தான் பேசினாள். காப்பி வேண்டுமா என்றால் தலையாட்டல், போகலாமா என்றால் கைப்பையைத் தூக்கித் தோளில் போட்டுக்கொள்வது.

நான்காவது செவ்வாய் பாதியிலேயே கும்பிட்டுவிட்டு எழுந்துவிட்டாள். வெள்ளிக்கிழமை பள்ளிக்குப் போய், விருப்ப ஓய்வுக் கடிதத்தைத் தலைமையாசிரியையின் மேசையில் வைத்துவிட்டு ஒரு வார்த்தை பேசாமல் வந்திருக்கிறாள். எனக்குச் செய்தி மட்டும் அனுப்பினாள். கடிதம் திங்கட்கிழமை கல்வி இலாகாவுக்குப் போய்விடுமாம். இருபத்தெட்டு வருட வேலை.

சனிக்கிழமை மத்தியானம் பயிற்சியாளர் என் போனுக்கு ஒரு கோப்பு அனுப்பியிருந்தார். நான்கு வாரப் பயிற்சிகளின் ஒலிப்பதிவு. எந்த இடத்தில் சொல் விட்டுப் போகிறது என்று ஆன்டி கேட்டுப் பார்த்தால் உதவியாக இருக்கும் என்று எழுதியிருந்தார். இனிமேல் கேட்டு என்ன ஆகப்போகிறது என்ற எரிச்சலோடுதான் திறந்தேன். சத்தம் குறைவாக இருந்ததால் கணினியில் போட்டேன், கல்யாண வீடியோவுக்கு ஒலி திருத்தும் அதே மென்பொருளில்.

"மாம்", அப்புறம் ஒன்றுமில்லை, அப்புறம் "ழம்". திரையில் ஒலி மேடும் பள்ளமுமாகத் தெரியும். அந்த நடுப்பகுதி மட்டும் கத்தரியால் வெட்டி எடுத்ததுபோல நேர்க்கோடாகக் கிடந்தது. நாக்கு குழறினால் ஒலி கலங்கும், இழுக்கும், மங்கும். இப்படிச் சதுரமாக வெட்டுப்படாது. எத்தனை வருடமாக இதே வேலையைச் செய்கிறேன். இருந்தாலும் நம்பாமல் கேட்டுக்கொண்டே போனேன். மூன்றாவது வாரத்துப் பகுதியில் இன்னொரு குரல் வந்தது.

"கொஞ்... யைத் திற... மா சொல்லு..."

அது என் குரல். நான் கத்தியது. எனக்கென்ன ஸ்ட்ரோக்கா வந்தது?

அட பாவி என்று வாய்விட்டே சொன்னேன். அக்காவின் பேச்சு நன்றாகத்தான் கிளம்பியிருக்கிறது, என் வீட்டை விட்டு வெளியே போகும் வழியில் வெட்டுப்பட்டிருக்கிறது. நான் ஒட்டிய கட்டளையை எடுத்து ஒவ்வொரு எழுத்தாகப் படித்தேன். கயிறு கட்டியிருந்தேன்தான், ஆனால் அந்த நிரல் உள்ளே இழுக்கும் வேகத்துக்குக் கட்டியிருந்தேன். வீடியோ ஏற்றுகிற நிரல் உள்ளே எதை இழுக்கப்போகிறது? வெளியே தள்ளுவதற்கு ஒரு தடையும் இல்லை. இருந்த குறுகிய வழி முழுவதையும் அது அடைத்துக்கொண்டு நின்றது. உள்ளே வரும் வழி காலியாகக் கிடந்ததால் பயிற்சியாளரின் குரல் எங்களுக்கு ஜோராகக் கேட்டது. அதை வைத்துக்கொண்டு லைன் சூப்பர் என்று நானே சாட்சியும் சொல்லியிருக்கிறேன்.

அன்று ராத்திரி வரை உட்கார்ந்து படித்தேன். விஷயம் இதுதான். போர்ட் கிள்ளான் துறைமுகத்துக்குப் போகிற ரோட்டில் லோரிகள் வரிசையாக நிற்கும்போது பின்னால் ஒரு மோட்டார் சைக்கிள் மாட்டிக்கொண்டால் என்ன ஆகும்? கல்யாண வீடியோதான் லோரி, அக்காவின் குரல்தான் மோட்டார். வரிசை என் கணினியில் நிற்காமல் மோடத்தில் போய் நிற்கிறது, மோடத்துக்கு லோரி எது மோட்டார் எது என்று தெரியாது. வெளியே அனுப்பும் வேகத்தை, லைன் தாங்குவதைவிடக் கொஞ்சம் குறைத்துக் கணினியிலேயே சொல்லி வைத்தால், வரிசை கணினிக்குள்ளேயே நிற்கும். அங்கே லினக்ஸ் ஒவ்வொரு நிரலின் போக்குவரத்தையும் தனித்தனியாகப் பிரித்து, முறை வைத்து அனுப்பும். கொஞ்சமாகப் பேசுகிறவர் காத்திருக்க வேண்டியதில்லை. இந்த முறைக்கு 'கேக்' என்று பெயர் வைத்திருக்கிறார்கள், ஏனென்று என்னைக் கேட்காதீர்கள். ஒரே ஒரு வரிக் கட்டளை. போட்டுவிட்டு, அப்லோடையும் ஓடவிட்டு, கணினியிலிருந்து என் போனுக்கே கூப்பிட்டு வாசலில் நின்று கேட்டேன். அறையில் ஓடிய ரேடியோ ஒரு சொல் விடாமல் கேட்டது.

ஞாயிறு காலையிலேயே பண்டமாரானுக்குப் போய் ஒலிப்பதிவை அக்காவிடம் போட்டுக் காட்டினேன். தன் குரலை அவள் முகம் சுருங்கக் கேட்டாள். என் குரல் வெட்டுப்பட்டு வந்தபோது கையை உயர்த்தி, இன்னொரு முறை போடு என்று காட்டினாள். போட்டேன். மூன்றாவது முறையும் கேட்டாள். நடந்ததை எல்லாம் சொன்னேன். அவள் தன் போனை எடுத்துத் தலைமையாசிரியையைக் கூப்பிட்டாள். ஸ்ட்ரோக் வந்த பிறகு பள்ளியில் யாரிடமும் அவள் போனில் பேசியதே இல்லை.

"டீச்சர், நான்தான் பேசறேன். அந்த லெட்டரை... அனுப்பிடாதீங்க. ஒரு வாரம் டைம் கொடுங்க."

தலைமையாசிரியை என்ன சொன்னாரோ, அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு, "சரி டீச்சர்," என்றாள்.

செவ்வாய்க்கிழமை அப்லோடைச் சுத்தமாக நிறுத்திவிட்டேன். கட்டளை சரியாக இருந்தாலும் என்மேல் எனக்கு நம்பிக்கை இல்லை. பயிற்சியாளர் படங்களை ஒவ்வொன்றாகக் காட்டினார், அக்கா சொன்னாள். பத்துப் படம் போவதற்குள் அவர் முகமே மாறிவிட்டது.

"ஆன்டி, ஒரே வாரத்துல என்ன செஞ்சீங்க? 'தண்ணீர்' மட்டும்தான் லேசா இழுக்குது."

அக்கா என் பக்கம் கையைக் காட்டினாள். நான்தான் தப்பைச் சொன்னேன். அவர் தன் குறிப்புகளைப் புரட்டினார். பிறகு, "அப்ப நான் போட்ட மார்க் எல்லாத்தையும் அழிக்கணும். ரிப்போர்ட்டைப் புதுசா எழுதறேன், ஆன்டி கண்டிப்பா வேலைக்குப் போகலாம்," என்றார். எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

வீடியோ காலை முடித்துவிட்டு, காப்பி போடட்டுமா என்று கேட்டேன். அக்கா தலையாட்டவில்லை. நாற்காலியைத் திருப்பிப் போட்டு எனக்கு எதிரே உட்கார்ந்தாள்.

"நாலு வாரமும் நீ இங்கதானடா உக்காந்திருந்தே. எனக்குப் பக்கத்துல."

"ஆமாக்கா."

"நான் சொன்னது உன் காதுல விழுந்துச்சா, இல்லையா?"

விழுந்தது. மாம்பழம் என்று முழுசாகத்தான் விழுந்தது. கோலாலம்பூரில் இருக்கும் படித்த பெண் ஒருவர் சொல் விட்டுப் போகிறது என்று சொன்னதும், என் காதுதான் தப்பு என்று விட்டுவிட்டேன்.

"விழுந்துச்சுக்கா," என்றேன்.

"அப்புறம் ஏண்டா சொல்லல?"