ஆடியில் விழுந்த கல்யாணம்

எங்கள் வீட்டில் இரண்டு தறி. கல்யாணப் புடவைதான் நெய்கிறோம். எந்தக் கல்யாணம் முன்னால் வருகிறதோ அந்தப் புடவை முதலில் தறியேறும். கல்லூரியில் கம்ப்யூட்டர் படிக்கும் என் மகள் அதற்காக ஒரு செயலி எழுதித் தந்தாள். தேதியை அடித்தால் அதுவே வரிசை கட்டிவிடும்.

அமாவாசையன்று எங்கள் பிள்ளையார்பாளையத்தில் தறி ஓடாது. போன வைகாசியில் அப்படி ஒரு நாள், போனில் வரிசையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஸ்ரீபெரும்புதூர் பெண்ணின் அரக்குப் புடவை கடைசியில் இருந்தது. கல்யாணத் தேதி, ஆகஸ்ட் ஆறு. அது ஆடி மாதம். ஆடியில் எங்கள் பக்கம் யாரும் கல்யாணம் வைப்பதில்லை.

"பொண்ணு வூட்டுக்காரங்களுக்கு ரொம்பத் தைரியம்தான்" என்று என் மனைவி சிரித்தாள்.

போன் போட்டேன். பெண்ணின் அம்மா பதறிவிட்டார். "இன்னாண்ணா சொல்றீங்க? ஜூன் எட்டுண்ணா! பொண்ணு அந்தப் பொடவைதான் கட்டுவேன்னு நிக்குது."

நான் 8/6 என்றுதான் அடித்திருந்தேன். தேதி படிக்க மகள் வேறு யாரோ எழுதிய நிரலைச் சேர்த்திருந்தாள். அது வெளிநாட்டு வழக்கப்படி முதல் எண்ணை மாதமாக எடுத்துக்கொள்ளுமாம். 23/6 என்றால் இருபத்துமூன்றாம் மாதம் கிடையாதே. அப்போது சத்தமில்லாமல் திருப்பிப் போட்டுக்கொள்ளும். அவள் போட்டுப் பார்த்ததெல்லாம் அந்த மாதிரித் தேதிகள்.

அவள் முகம் சுண்டிவிட்டது. "ஒரு எர்ரர்கூடக் காட்டலப்பா. அதுவா யூகம் பண்ணிக்கினு கம்முனு இருந்துட்டுது. இனிமே சந்தேகம்னா நின்னுடணும், கேக்கணும்."

அன்றே மாற்றி எழுதினாள். மறுநாள் விடிந்ததும், ஆனிக் கல்யாணத்துக்கு எடுத்து வைத்த பாவு நூலை ஒதுக்கிவிட்டு அரக்குப் பாவு நூலைத் தறியில் பிணைத்தோம். கரையை உடலோடு கோத்து நெய்யப் பக்கத்தில் இன்னொரு ஆள் வேண்டும். மகளே உட்கார்ந்துகொண்டாள்.

"கை வலிக்குதாம்மா?"

"வலிக்கட்டும்பா. ஜூன் எட்டுக்கு முன்னாடி எறக்கிடணும்."

இறக்கினோம். புடவையை வாங்க வந்த பெண்ணின் அம்மா அதை மடியில் விரித்துத் தடவித் தடவிப் பார்த்தார். பிறகு, தையில் கல்யாணம் வைத்திருக்கும் தங்கை மகளுக்கும் ஒன்று நெய்யச் சொன்னார். நான் பழக்கத்தில் 5/2 என்று அடித்தேன். போன் ஏற்கவில்லை. மாதத்தின் பெயரை எழுது என்று சிவப்பில் நின்றது.

"உங்க போனு ரொம்பக் கறாருண்ணா!"

"ஆமாம்மா."

"முன்னயே இப்படிக் கறாரா இருந்திருந்தா எனக்குத் தூக்கம் கெட்டிருக்காது" என்றார்.

மகள் தறியிலிருந்து எட்டிப் பார்த்தாள். நான் பிப்ரவரி என்று முழுசாக எழுதினேன்.