பங்குத்தொகையில் ஆளுக்குப் பாதி

இரண்டு பேர் சண்டை போட்டால், ஆளுக்குப் பாதி கொடுத்து இருவரையும் திருப்தியாக அனுப்பிவிடலாம் என்று ஐம்பது வயதைத் தாண்டிய பிறகும் நம்பியவன் நான். மத்திய அரசு அலுவலகத்தில் இத்தனை வருடம் கோப்புகளில் குறிப்பு எழுதியவனுக்கு அந்த நம்பிக்கை வந்திருக்கக் கூடாது. வந்தது. அதைப் புத்திசாலித்தனம் என்று வேறு நினைத்துக்கொண்டேன்.

எங்கள் லுத்தரன் தமிழ்ச் சபைக்குத் தில்லியில் சொந்தக் கோயில் கிடையாது. கோல் மார்க்கெட் பக்கம் இந்திக்காரர்களின் கோயில் ஒன்றில், அவர்கள் ஆராதனை முடித்துப் போன பிறகு மதியத்தில் கூடுகிறோம். வேறு யாரும் ஒப்புக்கொள்ளாததால் நான் பொருளாளர். சபையார் போடும் காணிக்கையில் ஒரு பங்கை வருடந்தோறும் தமிழ்நாட்டில் இருக்கும் தலைமைச் சபைக்கு அனுப்ப வேண்டும். போதகருக்குச் சம்பளம் அங்கிருந்துதான் வரும். மாற்றல் உத்தரவும் அங்கிருந்துதான் வரும்.

பங்குத்தொகையின் பெரும்பகுதியை அறுப்பின் பண்டிகையில் திரட்டுவோம். வயலைக் கண்ணால் பார்த்தே பல காலமான குமாஸ்தாக்களும் கம்ப்யூட்டர்க்காரர்களும், சனிக்கிழமை ஐ.என்.ஏ. மார்க்கெட்டில் வாங்கிய பூசணிக்காயை ஞாயிற்றுக்கிழமை நிலத்தின் முதற்பலனாகப் படைப்பார்கள். அது ஏலத்துக்கு வரும். எடுத்தவர், இதை எப்படி பஸ்ஸில் தூக்கிக்கொண்டு போவது என்று திருப்பிக் கொடுத்துவிடுவார். மறுபடியும் ஏலம். ஒரே பூசணி நாலைந்து பேரிடம் காசு வாங்கிவிட்டுக் கடைசியில் போதகர் வீட்டுச் சாம்பாரில் இளைப்பாறும்.

அந்த வருடம் தலைமைச் சபை இரண்டாக உடைந்திருந்தது. தேர்தல், வழக்கு, அலுவலகத்தைப் பூட்டியவர்கள், பூட்டை உடைத்தவர்கள். காசு ரோமாபுரித் தலைமையிடத்துக்குப் போவதைப் பற்றி லுத்தர் போட்ட சண்டையில் பிறந்தவர்கள் நாங்கள் என்பது சரித்திரம்; பரம்பரைக் குணம் லேசில் விடுமா? இரண்டு தரப்பும் ஆளுக்கொரு பொருளாளரை வைத்துக்கொண்டு, ஆளுக்கொரு வங்கிக் கணக்கைத் திறந்து, எங்களுக்குக் கடிதம் அனுப்பின. இரண்டும் ‘கிறிஸ்துவுக்குள் பிரியமானவர்களே’ என்றே தொடங்கின. எதிர்த் தரப்புக்கு அனுப்பினால் என்ன ஆகும் என்று இரண்டிலும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அவ்வளவு பயம் வந்திருக்காது.

பயம் பணத்தைப் பற்றியது அல்ல. போதகரின் மகள் மோதி பாக்கில் தமிழ்ப் பள்ளியில் பன்னிரண்டாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்தாள். நடுவருடத்தில் அப்பாவை மாற்றினால் அவள் படிப்பு அந்தரத்தில் நிற்கும். ஒரு மாலை போதகர் லக்ஷ்மிபாய் நகரில் இருக்கும் என் குவார்ட்டர்ஸுக்கு வந்தார். டீயைக் கையில் வைத்துக்கொண்டே ஆறவிட்டார். எந்தப் பக்கம் அனுப்பலாம் என்று அவர் வாயைத் திறக்கவில்லை. எழுந்து போகும்போது, “மார்ச் வரைக்கும் என்னை இங்க விட்டா போதும் சார். பிள்ளை பரீட்சை எழுதிடும். அப்புறம் எங்க போடறாங்களோ போடட்டும்” என்றார்.

சபைக் கமிட்டியில் நான் பாதிப்பாதித் திட்டத்தை விளக்கினேன். நடுநிலை, சமாதானம் என்றெல்லாம் பேசினேன். செயலாளர் ஓய்வுபெற்ற அண்டர் செக்ரெட்டரி. தப்பாகப் பின் குத்திய கோப்பைப் பார்ப்பதுபோல் என்னைப் பார்த்தார். “ஏதாவது ஒரு பக்கம் சாஞ்சிடுங்க. அடிச்சாலும் ஒருத்தன்தான் அடிப்பான்” என்றார். கேட்கவில்லை நான். அன்றே இரண்டு கணக்குக்கும் சரிசமமாக அனுப்பினேன். கைபேசி இரண்டு தடவை சந்தோஷமாகக் கூவியது.

அடுத்த ஞாயிறு காலை ஜன்னலுக்கு வெளியே புகை மஞ்சளாக நின்றது. இரண்டு தரப்பும் தங்கள் ஆராதனையை நேரலையில் விடும் என்பதால் நான் ஒன்றையும் மனைவி இன்னொன்றையும் கைபேசியில் வைத்திருந்தோம். என் பக்கத்தில் ஒரு பேராயர் கையை உயர்த்தி, தலைநகரத்துச் சபை நம்மோடு நிற்கிறது என்று நன்றி செலுத்தினார். கொஞ்ச நேரத்தில் மனைவியின் பக்கத்திலிருந்த பேராயரும் ஏறக்குறைய அதையே சொன்னார். “ஏங்க, ரெண்டு பேருமே நம்மளச் சொல்றாங்க” என்றாள் அவள். பிறகு சத்தத்தைக் குறைத்தாள். குறைத்தால் அங்கே கேட்காது என்று நினைத்தாளோ என்னவோ.

அந்த வாரமே தெரியாத எண்ணிலிருந்து ஒரு குரல் பேசியது. மிருதுவான குரல். தில்லிப் புகை எப்படி, இருமல் உண்டா என்று விசாரித்தது. பிறகு, “போதகர் மக பன்னெண்டாவதுல்ல? நல்லாப் படிக்குதா?” என்றது. நன்றாகப் படிக்கிறாள் என்றேன். “படிக்கட்டும், படிக்கட்டும்.” அவ்வளவுதான். இரண்டு நாள் கழித்து வேறொரு எண், வேறொரு குரல். இருமலில் தொடங்கி அதே கேள்வியில் வந்து முடிந்தது. பணத்தைப் பற்றி இருவரும் ஒரு வார்த்தை பேசவில்லை.

கிறிஸ்துமஸுக்கு முன்பே இரண்டு மாற்றல் உத்தரவுகள் வந்தன. ஒன்று கடலோர ஊருக்கு, மற்றது மலையடிவாரத்துக்கு. இரண்டும் ‘உடனடியாக’. போதகர் இரண்டையும் மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். மகள்தான் என்னிடம் கேட்டாள்: “அச்சா அங்கிள், இப்போ அப்பா பாதிப்பாதியா ரெண்டு ஊருக்கும் போகணுமா?”

அவர் கடலோரத்துக்கே போனார். மாதச் சம்பளம் தரும் நிலையில் இருந்தது அந்தத் தரப்புதான். போதகர் இருந்த வீட்டு வாடகையை எங்கள் சபையால் தனியாகத் தாங்க முடியவில்லை. அதனால் போதகரம்மாவும் மகளும் பரீட்சை முடியும்வரை என் வீட்டு முன்னறைக்கு வந்தார்கள். அவர்கள் பெட்டியைப் பிரிப்பதற்குள் அந்த இரண்டு குரல்களில் ஒன்றிடமிருந்து போன் வந்துவிட்டது. “பொண்ணு இப்ப உங்க வீட்லதானாமே? நல்லது, நல்லது.” யார் சொன்னார்கள் என்று கேட்பதற்குள் வைத்துவிட்டார். அந்த ஞாயிற்றுக்கிழமை பாட்டுப் பாடும்போது நான் பாட்டைப் பார்க்கவில்லை. எனக்கு முன்னால் இருந்த ஒவ்வொரு பிடரியாகப் பார்த்துக்கொண்டு வந்தேன். எல்லாப் பிடரியும் பக்தியாகத்தான் இருந்தன. அன்றிலிருந்து கோயிலில் நான் கடைசி வரிசை.

பரீட்சை நாட்களில் போதகர் காலையில் போனில் ஜெபம் பண்ணுவார். ‘ஆமென்’ வருவதற்குள் லைன் அறுந்துவிடும். அவள் எல்லாத் தாளையும் எழுதினாள். இயற்பியல் அன்று காய்ச்சல். எப்படி எழுதினாய் என்று கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை.

ஏப்ரலில் அவர்கள் ஊருக்குக் கிளம்பினார்கள். போதகரம்மா பெட்டியின் மேல் முழங்காலை வைத்து அழுத்தி ஜிப்பை இழுத்துக்கொண்டிருந்தார். நான் பக்கத்தில் நின்று, நடந்ததற்கெல்லாம் என் யோசனைதான் காரணம் என்று ஒருவழியாகச் சொல்லி முடித்தேன். அவர் நிமிரவில்லை.

“எங்க அக்கா வீட்டுக்காரரும் வடக்கதான் போதகரா இருக்காரு அண்ணன். அவங்க சபையில பல வருஷமா ஒரு பைசா அனுப்பினது இல்ல. ரெண்டு பக்கமும் மாசாமாசம் கூப்பிட்டு, ‘உங்களுக்கு எந்த ஊரு வேணும், சொல்லுங்க’ன்னு கேக்கறாங்களாம்.”