தமிழ் பேசினதுக்கு ஓர் அட்டை

ஒரகடத்தில் நான் வேலை பார்க்கும் கம்பெனிக்குப் புது மெஷின் மாட்ட பார்சிலோனாவிலிருந்து ஓர் இன்ஜினியர் வந்திருந்தார். ஐம்பதைத் தாண்டியவர். குவாலிட்டி பிரிவில் இருந்ததால் நான்தான் அவரோடு நிற்க வேண்டும். டீ பிரேக்கில் அம்மாவோடு போனில் பேசுவார்.

"ஸ்பானிஷா சார்?" என்று ஒருநாள் கேட்டேன்.

"இல்லை, கத்தலான். எங்கள் பக்கத்து மொழி" என்றவர் முகம் கொஞ்சம் இறுகியது.

அன்று கேண்டீனில் சொன்னார். அவர் அம்மா படித்த காலத்தில் அங்கே சர்வாதிகாரியின் ஆட்சி. பள்ளியில் கத்தலான் கூடாது. வாய்தவறி வீட்டுப் பேச்சு வந்துவிட்டால் அடி. அம்மாவுக்கு இன்றும் தாய்மொழியில் பிழையில்லாமல் எழுத வராது. சர்வாதிகாரி செத்து, சட்டம் மாறி, கத்தலானிலேயே பாடம் நடத்த ஆரம்பித்தார்கள். பிறகு ஸ்பானிஷிலும் பாடம் வேண்டும் என்று சில பெற்றோர் கோர்ட்டுக்குப் போனார்கள். கோர்ட் அவர்கள் பக்கம் நின்றது. அதைச் சமாளிக்க அந்தப் பகுதி அரசு இன்னொரு சட்டம் போட்டது, அதன்மேலும் வழக்கு.

"சட்டம் வகுப்பறை வரைக்கும்தான் வரும். பிள்ளைகள் விளையாடும்போது ஸ்பானிஷ்தான்" என்றார்.

"எங்க ஊர்ல அப்படித் தடை கிடையாது சார். பள்ளியில தமிழ் கட்டாயம்னு சட்டமே இருக்கு" என்றேன், பெருமையாக.

அதே வாரம், ரெண்டாம் வகுப்பு படிக்கும் என் மகள் பள்ளி வேனிலிருந்து வீங்கிய கண்களோடு இறங்கினாள்.

"என்னட்டி ஆச்சு?"

"வயிறு வலிக்குது மிஸ்னு சொன்னேன். அட்டை மாட்டிட்டாங்க."

'நான் தமிழில் பேசினேன்' என்று இங்கிலீஷில் எழுதிய அட்டை. கழுத்தில் தொங்கும். அடுத்து யாராவது தமிழ் பேசி மாட்டிக்கொண்டால்தான் கழற்றி அவர்கள் கழுத்தில் போடலாம். அன்று வேறு யாரும் மாட்டிக்கொள்ளவில்லை.

மறுநாள் லீவு சொல்லிவிட்டுப் பிரின்சிபாலைப் பார்த்தேன். சட்டத்தைச் சொன்னேன். அந்த அம்மா கோபப்படவே இல்லை.

"தினம் ஒரு பீரியட் தமிழ் நடத்துறோம்மா. அதிகாரிங்க வந்து பாத்துட்டும் போனாங்க. மத்த நேரம் என்ன பேசணும்னு சட்டத்துல இல்லையே. பேரண்ட்ஸ் கேட்டுத்தான் அட்டையே வச்சோம்."

பேரண்ட்ஸ் மீட்டிங்கில் எழுந்து நின்றேன். நான் முடிக்குமுன்னே பின்னால் ஒருவர் எழுந்தார். எங்கள் தூத்துக்குடிப் பக்கத்துப் பேச்சு. இங்கே ஒரு கம்பெனியில் அசெம்ப்ளி லைனில் நிற்கிறவர்.

"யக்கா, இன்டர்வியூல இங்கிலீஷ் வராம நான் முழிச்சது எனக்குத்தான் தெரியும். எம்பிள்ளைக்கு அந்த நெலம வரக்கூடாதுல்லா. அட்டைய மாட்டட்டும்."

கைதட்டினார்கள். நான் உட்கார்ந்துவிட்டேன். அதுதான் இன்றைக்கும் எரிகிறது. அந்த ஊரில் பிள்ளை வாயைக் கட்ட ஒரு சர்வாதிகாரி வேண்டியிருந்தது. எங்களுக்கு ஒரு பேரண்ட்ஸ் மீட்டிங் போதும்.

மகள் வீட்டிலும் பேச்சைக் குறைத்தாள். எது கேட்டாலும் தலையாட்டல். இங்கே பக்கத்து மண்ணூர்க்காரரான என் கணவர், "இன்னா இப்போ? இங்கிலீஷ் வந்தா சரி" என்றார். ராத்திரியில் அவள் தூக்கத்தில் அழ ஆரம்பித்த பிறகுதான் ஸ்கூலை மாற்ற ஒத்துக்கொண்டார்.

கவர்ன்மென்ட் ஸ்கூலில் டீச்சர் கேட்ட முதல் கேள்வி: "தமிழ் மீடியமா, இங்கிலீஷ் மீடியமா?"

தமிழ் மீடிய வகுப்பை எட்டிப் பார்த்தேன். கொஞ்சம் பிள்ளைகள். பாதிக்கு மேல் ஒடிசாவிலிருந்து கட்டட வேலைக்கு வந்தவர்களின் பிள்ளைகள். பாடத்தைச் சத்தமாக, அழகாக வாசித்துக்கொண்டிருந்தார்கள்.

"நம்ம பொண்ணு இதுங்க கூடவா?" என்றார் கணவர்.

டீச்சர் அவரைப் பார்க்காமல் என்னிடம் சொன்னார்: "நீங்க சேத்தாலும் அடுத்த வருசம் இந்த செக்‌ஷன் இருக்குமான்னு தெரியலம்மா."

கணவர் அவளை இங்கிலீஷ் மீடியத்தில் சேர்த்தார். நான் பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தேன்.