ஊட்டைக் காணோம்

காளிதாசுக்கு வாய் மூடினால் விரல் ஓடாது. குமாரபாளையத்தில் விசைத்தறிச் சத்தத்துக்கு நடுவே பிறந்து வளர்ந்தவன். அந்தச் சத்தத்துக்கு மேலே கத்திக் கத்தியே இப்படிப் பேச்சுக்காரன் ஆனான் என்பது என் கட்சி. பல் பிடுங்கப் போன இடத்தில் டாக்டருக்கே தறி ஓட்டுவதை விளக்கிவிட்டு வந்தவன். இன்ஜினியரிங் முடித்து, திருவிழாக்களில் பல்புகளால் சாமி உருவம் ஓடுமே, அந்த லைட் போர்டு வேலைக்கு வந்து சேர்ந்தான். சேலம் சூரமங்கலத்தில் பட்டறை. அங்கே புரோகிராம் எழுதுகிற ஜெர்லின் நான்.

மற்றவர்கள் கோடிங் எழுதுவார்கள். இவன் கதை எழுதுவான். ஒரே ஃபைலில் முதலில் தமிழில் நான்கு வரி பேச்சு, அதன் கீழே அந்தப் பேச்சுக்கான கோடிங், மறுபடி பேச்சு, மறுபடி கோடிங். "இப்ப மாடு வருதுங்க. வந்துட்டுச் சும்மா நிக்குமா? வாலை ஆட்டோணும். அதுக்குத்தான் இது" என்று எழுதி, கீழே வாலாட்டும் கோடிங். ஒவ்வொரு துண்டுக்கும் ஒரு பேர் வைப்பான். அதே ஃபைலின் கடைசியில் நான் அந்தப் பேர்களை வரிசையாக எழுதினால் போதும். ஒரு மென்பொருள் பேரைப் பார்த்துத் துண்டுகளை எடுத்து, கோத்து, முழுப் புரோகிராமாகக் கொடுத்துவிடும். முதலில் படித்தபோது, "இது என்ன கோடிங்கா, உங்க மாமனுக்கு எழுதின லெட்டரா?" என்று கத்தினேன். மறுபடி படித்தபோது சிரித்துவிட்டேன். அதற்கப்புறம்... சரி, விடுங்கள். காதலாகிவிட்டது.

சூரமங்கலத்துக் கிறிஸ்தவப் பெண் என்றதும் அவன் அப்பா காளியப்பன் குதிக்கவில்லை. "புது ஊட்டு விசேஷத்துக்கு நீங்க ரெண்டு பேருந்தானே லைட்டு போடுறீங்க? அது ஒழுங்கா எரியட்டும். அப்பறம் பேசிக்கலாம்" என்றாராம். கல்யாணப் பேச்சுக்கு இப்படி ஒரு பரீட்சை வைத்த மனிதரை நான் கேள்விப்பட்டதில்லை.

கிரகப்பிரவேசத்தன்று காலையில் சடங்கெல்லாம் முடிந்து, சாயங்காலம் விருந்து. புது வீட்டுக்கு எதிரே சாரம் கட்டிப் போர்டை நிறுத்தினோம். பந்தலோரம் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி, மடியில் லேப்டாப். அதுதான் என் இடம். அவன் அம்மா பொன்னாயி காபியை வெளியே கொண்டுவந்து கொடுத்தார். உள்ளே வா என்று யாரும் சொல்லவில்லை. கேட்டுக்கொண்டா போவது என்று எனக்கும் ரோஷம்.

பொழுது இறங்கியதும் ஸ்விட்சைப் போட்டோம். கோலம் விரிந்தது. மாடு வந்தது, வாலை ஆட்டியது. காளியப்பனும் பொன்னாயியும் பல்பு உருவங்களாகக் கும்பிட்டபடி நடந்து வந்தார்கள். வீடு மட்டும் எழும்பவே இல்லை. இரண்டு பேரும் மாட்டோடு பொட்டல் வெளியில் நின்று யாரையோ கும்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.

"அட கெரகமே! குடி வந்த அன்னைக்கே ஊட்டைக் காணோமே!" என்று அவன் அத்தை கந்தம்மாள் நெஞ்சில் கை வைத்தார். யாரோ சகுனம் என்றார்கள். இன்னொருத்தர் முணுமுணுத்துவிட்டு என் பக்கம் திரும்பிப் பார்த்தார். எனக்குச் சுர்ரென்று ஏறியது. காளியப்பன் போர்டுக்கு முதுகைத் திருப்பிக்கொண்டார். அது அதைவிட மோசம்.

காளி எட்டி, வீட்டுத் துண்டின் மேல் கிளிக் செய்து அதை மட்டும் தனியாக ஓட்டினான். ஜம்மென்று எழுந்தது, மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டி வரைக்கும்! கூட்டம் கை தட்டியது. முழுசாக ஓட்டினேன். காணோம். "ஐயையோ!" தனியாக ஓட்டினால் வருகிறது, முழுசாக ஓட்டினால் போகிறது. பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

மென்பொருள் கோத்துக் கொடுத்த புரோகிராமைத் திறந்து பார்த்தேன். மாட்டுக்கு அப்புறம் வெறும் காலி வரி. ஏதோ ஒரு பேர் அதற்குக் கிடைக்கவில்லை. கிடைக்காவிட்டால் அது திட்டாது, சொல்லாது. இடத்தைக் காலியாக விட்டுவிட்டுக் கம்மென்று போய்விடும்.

"காளி, நான் பேரைப் படிக்கிறேன். உன் துண்டெல்லாம் இருக்கான்னு பார்த்துச் சொல்லு. வாசல்?"

"இருக்குது."

"மாடு?"

"இருக்குது."

"வீடு?"

"அதும் இருக்குது."

"அப்புறம் ஏன்டா வரலை!"

காணாமல் போனதைத் தேடித் தருகிற அந்தோணியாரே, ஒரு வீட்டைத் தேடிக் கொடுங்கள் என்று வேண்டிக்கொண்டு, தேடும் கட்டத்தில் 'வீடு' என்று அடித்தேன். ஃபைல் முழுவதிலும் ஒரே ஓர் இடம். அதுவும் நான் எழுதின வரிசையில்.

"வீட்டை எங்கே எழுதித் தொலைச்சே?"

"ஊடா? இதா பாரு" என்று திரையில் விரல் வைத்தான்.

துண்டின் தலையில் இருந்தது: ஊடு.

வாயால் பேசுகிறபடியே கையாலும் எழுதியிருக்கிறான் மனுஷன்! சரி, நான் படிக்கவில்லையா? எத்தனை தடவை படித்தேன்! அவன் ஊடு என்றால் என் காதில் வீடு என்றுதான் விழும். கண்ணும் அப்படியே பழகிவிட்டது. நான் வீடு என்றால் அவனுக்கு ஊடு. எங்கள் இரண்டு பேருக்கும் ஒரு தப்பும் தெரியவில்லை. கம்ப்யூட்டர் எங்களில் யாரையும் காதலிக்கவில்லையே, அதற்கு எப்படிப் புரியும்? நான் சிரித்த சிரிப்பில் லேப்டாப் மடியிலிருந்து நழுவப் பார்த்தது.

"தப்பு என்மேலதான். வீடுன்னு மாத்திடறேன்" என்று கை நீட்டினான். அந்தக் கையைப் பட்டென்று தட்டிவிட்டேன். என் வரிசைக்குப் போய், 'வீடு' என்பதை அழித்துவிட்டு, 'ஊடு' என்று அடித்தேன். ஏன் என்று கேட்காதீர்கள். எனக்கு அந்தச் சொல் பிடித்திருந்தது.

மறுபடி ஸ்விட்ச். கோலம் விரிந்தது, மாடு வாலை ஆட்டியது, அதன் பின்னால் எழுந்தது பாருங்கள் வீடு! பல்புக் காளியப்பனும் பல்புப் பொன்னாயியும் கும்பிட்டுக்கொண்டே உள்ளே போனார்கள். விசில் பறந்தது. கந்தம்மாள் அத்தை கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

நிஜக் காளியப்பன் நேராக என் நாற்காலிக்கு வந்தார். எழுந்து நின்றேன்.

"என்னாச்சு அம்மிணி?"

"ஒண்ணுமில்லைங்க. ஊடு வந்துருச்சுங்க."

என் வாயிலிருந்து அந்தச் சொல் வந்தது அதுதான் முதல் தடவை. அவர் மகனைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். மீசைக்கு அடியில் சிரிப்பு கிளம்பியது.

"வந்துருச்சல்ல? அப்பறம் உனக்கு வெளியில என்ன வேலை? ஊட்டுக்குள்ள வா சாமி."

தரையெல்லாம் வயர். தாண்டித் தாண்டி வாசல்படிக்குப் போனேன். காளிதாஸ் பின்னாலேயே ஏதோ விளக்கிக்கொண்டு வந்தான். ஒரு சொல்லும் காதில் ஏறவில்லை. உள்ளேயிருந்து பொன்னாயியின் குரல் கேட்டது: "வலது காலை எடுத்து வெச்சு வா கண்ணு!"

சத்தியமாகச் சொல்கிறேன், எது வலது கால் என்றே எனக்கு மறந்துபோய்விட்டது.