டீச்சரிடம் நான் சொன்ன பழமொழி

இன்று மகளின் டீச்சரைப் பார்க்க நானும் மனைவியும் போயிருந்தோம். மகள் வகுப்பில் கொஞ்சம் அதிகமாகப் பேசுகிறாள் என்றார் டீச்சர், சிரித்தபடிதான்.

அப்பனாக நானும் பொறுப்பாக ஏதாவது சொல்ல வேண்டாமா? பத்தாம் வகுப்பில் மனப்பாடம் செய்த இங்கிலீஷ் பழமொழியை எடுத்துவிட்டேன்.

"ஸ்பேர் தி ராட் அண்ட் ஸ்பாயில் தி சைல்ட்." பிரம்பை எடுக்காவிட்டால் பிள்ளை கெட்டுப்போகும் என்று அர்த்தம்.

டீச்சரின் சிரிப்பு நின்றது. வீட்டில் குழந்தையை அடிப்பதுண்டா என்று மெதுவாகக் கேட்டார். உடனே போன் செய்து, பிள்ளைகளின் நலம் பார்க்கும் பள்ளிக் கவுன்சிலரை வரவழைத்தார். எங்களை வெளியே உட்காரவைத்து, அப்பா அடிப்பாரா என்று மகளைத் தனியே விசாரித்தார்கள்.

அமெரிக்காவில் பிள்ளையை அடித்தால் போலீஸ் வரை போகும். நியூ ஜெர்சிக்கு வந்து பத்து வருடம். அந்தப் பத்து நிமிடம்தான் நீளம்.

கடைசியில் கவுன்சிலர் சிரித்துக்கொண்டே வந்து, மகள் சொன்னதை அப்படியே சொன்னார்: "நோ, ஹி ஜஸ்ட் டாக்ஸ் அ லாட்."

காரில் மனைவி கேட்டாள், "வாய வெச்சுக்கிட்டு சும்மா இருக்க மாட்டீங்களா?"

நல்லவேளை, என் அப்பா என் வாத்தியாரிடம் சொன்னதை நான் இங்கிலீஷில் சொல்லவில்லை: "கண்ண மட்டும் விட்டுட்டு தோல உரிச்சிருங்க சார்."

உங்கள் வீட்டிலும் சொல்லியிருப்பார்களே?