ஷரீஃபுன்னிசாவின் ரோஸ் லோஷன்

அந்நாளில் ராயபுரத்துப் பெண்கள் அழகைத் தேடிக் கடைக்குப் போகத் தேவையில்லை. அது கூடையில் ஏறி வீட்டுக்கே வரும். கூடைக்காரியின் பெயர் ஷரீஃபுன்னிசா. அத்தர், சுர்மா, மருதாணித் தூள், சாந்து எல்லாம் அவளிடம் உண்டு. நாலு தெருச் சமாசாரமும் கூடவே வரும். பர்தா தொங்கும் வீடு, சிலுவை மாட்டிய வீடு என்று பார்க்காமல் அடுப்படி வரைக்கும் போய் உட்காரக்கூடியவள் அவள் ஒருத்திதான். ஐம்பது, ஐம்பத்தொன்றாம் வருஷத்து ராயபுரத்தை நினைத்தால், துறைமுகத்துச் சங்குக்கு முன்னால் அந்தக் கூடையின் வாசனைதான் வந்து நிற்கிறது. அப்படி உரிமையோடு உள்ளே வருகிற ஆள் இன்று யார் இருக்கிறார்கள்? நினைத்தால் ஏக்கமாகத்தான் இருக்கிறது.

அவள் அதிகம் உட்கார்ந்த இடம் சிலுவையம்மாளின் வீடு. சிலுவையம்மாள் கடற்கரையில் மீன் எடுத்துத் தெருவில் விற்பவள். கொஞ்சம் வாய் நீளம். ஒரே மகள் ஹில்டா. பிள்ளையில்லாத ஷரீஃபுன்னிசாவின் மடியில்தான் அந்தப் பெண் பாதி வளர்ந்தாள்.

திடீரென்று பெண்களுக்கு அத்தர் அலுத்துப்போயிற்று. எண்ணெய்ப் பிசுக்கு என்றார்கள். மூர் மார்க்கெட்டில் சீமை லோஷன் கிடைக்கிறது, பூசினால் ஜில்லென்று இருக்கிறது என்றார்கள். ஷரீஃபுன்னிசாவுக்கு ரோஷம் வந்துவிட்டது. அவள் தம்பி உசேன் மேஜை நாற்காலிக்குப் பாலிஷ் போடுகிறவன். அவனிடமிருந்து ஸ்பிரிட் வாங்கி, பன்னீரும் ரோஸ் எசென்ஸும் கலந்து புட்டிகளில் அடைத்தாள். யாரும் குடித்துவிடக் கூடாது என்றே விஷச் சரக்கைக் கலந்து, நாற வைத்து விற்ற ஸ்பிரிட் அது.

"குடிச்சாத்தானே கெடுதல்? பூசறதுக்கு இன்னா?" என்று அவளே தீர்ப்பும் சொல்லிக்கொண்டாள்.

சோதிக்காமலும் விடவில்லை. எந்தச் சரக்கானாலும் புறங்கையில் தடவிப் பார்ப்பது அத்தர்க்காரர்கள் வழக்கம். அவள் சிலுவையம்மாளின் புறங்கையில் தடவினாள். உப்பிலும் செதிலிலும் ஊறிக் காய்த்துப்போன கை அது. நெருப்பே பட்டாலும் யோசித்துத்தான் சுடும்.

"இன்னா பாயம்மா இது, ஜில்லுனு கீது! கவிச்சி கூட ஓடிப் பூட்ச்சே! ஹில்டாவுக்கு ஒரு புட்டி குடு. கண்ணாலப் பொண்ணு, மூஞ்சி பளபளன்னு இருக்கட்டும்" என்றாள் சிலுவையம்மாள்.

ஹில்டாவுக்குக் கோயிலில் கல்யாண ஓலை வாசிக்கத் தொடங்கியிருந்த சமயம். மூன்று ஞாயிற்றுக்கிழமை பூசையில் பெண், மாப்பிள்ளை பெயரைச் சொல்லி, யாருக்காவது ஆட்சேபம் உண்டா என்று சாமியார் கேட்பார். மாப்பிள்ளை எண்ணூர்க்காரர், ரயில்வே வேலை. மூக்கோரம் பரு எட்டிப் பார்க்கவே, ஹில்டா காலையும் மாலையும் லோஷனைப் பூசினாள். பூசியதும் குளிர்ச்சி, அது பறந்ததும் முகம் இழுத்துப் பிடித்தது. இழுக்கிறதே என்று இன்னும் பூசினாள். தோலில் இருந்த எண்ணெய்ப் பசையை அது துடைத்துக்கொண்டு போகிறது என்று அவளுக்கு யார் சொன்னார்கள்? கடைசி ஓலை வாசிப்பதற்குள் கன்னம் சிவந்து, வெடித்து, உதட்டோரம் தோல் உரிந்துவிட்டது.

சிலுவையம்மாள் நடுத்தெருவில் கூடையை மறித்தாள்.

"உசேனைக் கேட்டுட்டுதான் வரேன். மேசைக்குப் பூசறத எம் பொண்ணு மூஞ்சிக்குக் குட்துக்கீறியே! மாப்ள வூட்ல பாத்துட்டு நோவுக்காரின்னு சொன்னா நான் இன்னா பண்ணுவேன்?"

"உங் கையில ஒண்ணியும் ஆவலியே, சிலுவை..."

"கையும் மூஞ்சியும் ஒண்ணா? இனிமே என் வூட்டு வாசப்படி மிதிக்காத!"

ஷரீஃபுன்னிசா கூடையைத் தூக்கிக்கொண்டு திரும்பினாள். வீட்டுக்கு வந்து, அதே லோஷனைத் தன் கன்னத்தில் நாள்தோறும் பூசிப் பார்த்தாள். அவளுக்கும் காந்தியது, உரிந்தது. அதன் பிறகு ஒரு புட்டி பாக்கியில்லாமல் கவிழ்த்துக் கொட்டினாள். வாங்கியவர்கள் வீட்டுக்கெல்லாம் போய், தன் முகத்தைக் காட்டி, விற்றதைத் திரும்ப வாங்கினாள். சிலர் சிரித்தார்கள். சிரித்தவர்களுக்கு அந்தத் துணிச்சல் வருமா என்பது வேறு விஷயம். சிலுவையம்மாளின் தெருப்பக்கம் மட்டும் அவள் போகவில்லை. ஹில்டா தேங்காயெண்ணெய் தடவி மெல்லத் தேறிவருகிறாள் என்பதை உசேன் சொல்லித்தான் தெரிந்துகொண்டாள். கல்யாணத்துக்கு அழைப்பு வரவில்லை.

கல்யாணத்தன்று காலையில் கதவு படபடவென்று தட்டப்பட்டது. பட்டுப்புடவையில் சிலுவையம்மாள், சிடுசிடுத்த முகத்தோடு நின்றாள்.

"இன்னா பாத்துகினு நிக்கிற? ஜோடிக்க வந்தவ சும்மா குந்திகினு கீறா. பாயம்மா வந்தாத்தான் மூஞ்சியக் காட்டுவேன், வேற எவளும் தொடக்கூடாதுன்னு அந்தக் கய்தை கதவைச் சாத்திகினு கீது."

ஷரீஃபுன்னிசா கூடையை எடுக்கக் குனிந்தாள். எடுக்கத் தைரியம் வரவில்லை.

"எங்கிட்ட பூசறதுக்கு ஒண்ணியும் இல்லியே, சிலுவை."

"ஒண்ணியும் வோணாம். நீ வா."

தெருவில் இறங்கியதும் ஷரீஃபுன்னிசாவுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. சிலுவையம்மாள் நின்று, உரிந்து கிடந்த அவள் கன்னத்தை அப்போதுதான் சரியாகப் பார்த்தாள்.

"அழுவாத. கண்ணீர் பட்டா இன்னும் எரியும். எம் பொண்ணு அழுது பாத்துக்கீறேன்" என்று சொல்லி, பட்டு முந்தானையால் மெல்ல ஒற்றி எடுத்தாள்.